ஐ.நா. பூட்டைக் கழற்றும் முன்: அயர்லாந்து நாடாளுமன்ற உறுப்பினர்களுக்கு ஒரு திறந்த மடல்

டாயில் (கீழவை), ஷனட் (மேலவை) இரண்டு அவைகளின் உறுப்பினர்களுக்கு,

வெளிநாட்டுக்குப் படை அனுப்ப நம் சட்டம் மூன்று அனுமதிகள் கேட்கிறது: அரசின் முடிவு, டாயிலின் வாக்கு, ஐ.நா.வின் ஆணை. ‘மூன்று பூட்டு’ என்று நீங்களே பெயர் வைத்திருக்கிறீர்கள். அதில் ஐ.நா. பூட்டைக் கழற்றும் திருத்தத்துக்கு அமைச்சரவை 2025 மார்ச்சில் சம்மதம் சொன்னது. பன்னிரண்டு பேருக்கு மேல் போனால் டாயில் வாக்களிக்க வேண்டும் என்று இருப்பதையும் ஐம்பது பேர் என்று உயர்த்தப் பார்க்கிறார்கள். வானொலியில் இதைக் கேட்டபோது இரவு வேலை முடித்து, அத்லோன் பாலத்தில் நெரிசலில் நின்றுகொண்டிருந்தேன். பின்னால் நின்ற வண்டிக்காரர் ஹார்ன் அடித்த பிறகுதான் காரை எடுத்தேன்.

இதன் ஆங்கில வடிவத்தை எங்கள் தொகுதி உறுப்பினர்களுக்குத் தனியாக அனுப்பிவிட்டேன். தமிழில் எழுதுவது, இந்த நாட்டில் வாக்குரிமை வாங்கிவிட்டு ‘இதெல்லாம் வெள்ளைக்காரர் விசயம்’ என்று ஒதுங்கி நிற்கும் நம் ஆட்களும் படிக்கட்டும் என்பதற்காக.

நான் ஒரு முதியோர் இல்லத்தில் பராமரிப்பு வேலை செய்கிறவள். பிறந்தது யாழ்ப்பாணம். மகள் பிறந்தது இங்கே. பத்தொன்பது வயதாகிறது, போன மாதம் ராணுவத்தில் சேர விண்ணப்பம் போட்டிருக்கிறாள். எங்கள் வீட்டில் ‘ஆமி’ என்ற சொல் நல்ல செய்தியோடு வந்ததே கிடையாது. ஆமி வருகிறது என்றால் படலையைச் சாத்தி, விளக்கை அணைத்து, பங்கருக்குள் இறங்குவோம். அந்த வீட்டுப் பேத்தி சீருடை போடப் போகிறாள் என்றால் அம்மம்மா என்ன சொல்லியிருப்பாரோ தெரியாது. நான் இரண்டு நாள் பேசவில்லை. மூன்றாம் நாள் அவள் சொன்னாள்: “அம்மா, இவங்க வேற மாதிரி ஆமி.”

அந்த ‘வேற மாதிரி’ எங்கே இருக்கிறது என்று தேடித்தான் இந்த மடலை எழுதுகிறேன்.

பக்கத்து வீட்டில் ஓய்வுபெற்ற சார்ஜண்ட் ஒருவர் இருக்கிறார். இங்குள்ள கஸ்டியூம் பாசறையிலிருந்து ஐ.நா. அமைதிப்படையில் நான்கு முறை தெற்கு லெபனானுக்குப் போய் வந்தவர். ஷெல் விழத் தொடங்கினால் முகாமில் ‘கிரவுண்ட்ஹாக்’ என்று குரல் வரும், எல்லோரும் பதுங்குகுழிக்கு ஓட வேண்டும் என்று ஒருநாள் சொன்னார். உள்ளே மணல் மூட்டையின் வாடை, வியர்வை, யாரோ சீட்டுக்கட்டை எடுப்பது, எத்தனை மணி நேரம் என்று தெரியாமல் உட்கார்ந்திருப்பது. நான் குறுக்கே புகுந்து, எங்கள் பங்கரில் பனங்குற்றி அடுக்கி மேலே மண் போட்டிருந்தோம், மழை பெய்தால் முழங்கால் வரைக்கும் தண்ணீர் என்றேன். அவர் கையிலிருந்த கோப்பையைக் கீழே வைத்துவிட்டார். இருபது வருடமாக அயலவர்கள், அன்றைக்குத்தான் உண்மையில் அறிமுகமானோம்.

அவர் சொன்னவற்றில் எனக்கு மறக்காதது சண்டைக் கதை எதுவும் இல்லை. முகாம் வாசலில் கடை போட்டவர்களை இவர்கள் ‘மிங்கி மேன்’ என்பார்களாம். சவர்க்காரம், சிகரெட், கைக்கடிகாரம் எல்லாம் கிடைக்கும். திப்னின் ஊர்க் கடைக்காரப் பையன் ஒருவன் பேசும் ஆங்கிலத்தைக் கண்ணை மூடிக்கொண்டு கேட்டால் வெஸ்ட்மீத் ஆள் என்றே நினைக்கத் தோன்றுமாம். ஐரிஷ் சிப்பாய்களிடம் கேட்டுக் கேட்டுப் பழகிய ஆங்கிலம். திப்னினில் இருக்கும் அநாதை இல்லத்துக்கு ஒவ்வொரு படைப்பிரிவும் பணம் திரட்டிக் கொடுத்திருக்கிறது. அங்கே செத்துப்போன ஐரிஷ்காரர்களின் பெயர்கள் பொறித்த நினைவுச்சின்னமும் அந்த ஊரில்தான் இருக்கிறது.

1978 முதல் இன்றுவரை தெற்கு லெபனானில் 48 ஐரிஷ் சிப்பாய்கள் உயிர் விட்டிருக்கிறார்கள். கடைசியாகப் போனது ஷான் ரூனி. 2022 டிசம்பர் 14, அல் அக்பியா என்ற இடத்தில், பெய்ரூட்டை நோக்கிப் போய்க்கொண்டிருந்த வாகனத்தைக் கூட்டம் மறித்துச் சுட்டது. டண்டோக்கில் நடந்த இறுதித் திருப்பலிக்குப் பக்கத்து வீட்டு சார்ஜண்ட் ஐ.நா.வின் நீலத் தொப்பியைப் பெட்டியிலிருந்து எடுத்துப் போட்டுக்கொண்டு போனார். தொப்பியில் அந்துருண்டை வாசம் அடித்தது. குற்றம் சாட்டப்பட்டவர் பிணையில் வெளியே போனார். 2025 ஜூலையில் லெபனான் ராணுவ நீதிமன்றம் அவர் முன்னிலையில் இல்லாமலேயே தீர்ப்புச் சொன்னது. இந்த விவகாரத்தில் அரசின் குரல் எவ்வளவு மெலிந்திருந்தது என்பது அத்லோனில் எல்லோருக்கும் தெரியும்.

ஐ.நா. பூட்டை ஏன் கழற்ற வேண்டும் என்பதற்கு நீங்கள் சொல்லும் காரணங்களைப் படித்தேன். அவற்றில் உண்மை இருக்கிறது. மாசிடோனியா விசயம் உண்மை: அந்த நாடு தைவானை அங்கீகரித்தது என்பதற்காக 1999-ல் சீனா அங்கிருந்த ஐ.நா. பணியின் நீட்டிப்பை வீட்டோ (மறுப்பு வாக்கு) போட்டுத் தடுத்தது. பிறகு 2003-ல் ஐரோப்பிய ஒன்றியம் அங்கே தன் பணியைத் தொடங்கியபோது, ஐ.நா. ஆணை இல்லாததால் அயர்லாந்து போக முடியவில்லை. 2014-க்குப் பிறகு பாதுகாப்புச் சபை புதிதாக ஒரு பெரிய அமைதிகாப்புப் பணியைத் தொடங்கவில்லை என்பதும் உண்மை. நம் பிள்ளைகள் எங்கே போகலாம் என்பதை வீட்டோவைக் கையில் வைத்திருக்கும் மாஸ்கோ தீர்மானிப்பதா என்று கேட்கிறீர்கள். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது.

ஆனால் சட்டத்தை எடுத்து வாசித்தேன். (முதியோர் இல்லத்து இரவுப் பணியில் மூன்றிலிருந்து ஐந்து மணிவரை வாசிக்க நேரம் கிடைக்கும்.) நீங்களே நிறைவேற்றிய 2006-ஆம் ஆண்டுத் திருத்தத்தில், பாதுகாப்புச் சபையின் தீர்மானம் அல்லது பொதுச் சபையின் தீர்மானம் என்று தெளிவாக இருக்கிறது. பொதுச் சபையில் வீட்டோ கிடையாது. 1956-ல் சூயஸ் சண்டையின்போது பிரிட்டனும் பிரான்சும் பாதுகாப்புச் சபையை முடக்கின. அப்போது பொதுச் சபைதான் கூடி ஐ.நா.வின் முதல் ஆயுதம் தாங்கிய அமைதிப்படையை அனுப்பியது. ஆக, வீட்டோவைச் சுற்றிப் போக ஒரு பாதை சட்டத்திலேயே இருக்கிறது. அந்தப் பாதையில் நடந்து பார்த்தீர்களா? எந்தப் பணிக்காகப் பொதுச் சபையில் அயர்லாந்து ஆதரவு திரட்டியது? அவை விவாதங்களில் தேடினேன், என் கண்ணில் படவில்லை.

வீட்டோவால் போக முடியாமல் போன இடத்தைச் சொன்னீர்கள். ஆள் இல்லாமல் விட்டுவிட்டு வந்த இடத்தையும் சொல்லுங்கள். கோலான் குன்றுகளில் 2013 முதல் ஐரிஷ் படை நின்றது. 2014 ஆகஸ்டில் சிரியக் கிளர்ச்சியாளர்கள் பிலிப்பைன்ஸ் காவலர்களைச் சுற்றி வளைத்தபோது மீட்கப் போனவை ஐரிஷ் கவச வண்டிகள். அந்தப் பணிக்கு ஐ.நா. ஆணை இருந்தது, யாரும் வீட்டோ போடவில்லை. இருந்தும் 2024-ல் நாம் அங்கிருந்து கிளம்பி வந்தோம். ஐரோப்பிய ஒன்றியத்தின் போர்க்குழுவுக்கு ஆள் கொடுக்க வேண்டும், இரண்டுக்கும் சேர்த்து ஆள் போதாது என்பதுதான் காரணம். இருக்க வேண்டிய படைபலம் 9,500. இருப்பது ஏறத்தாழ 7,500. சம்பளம், குடியிருப்பு இரண்டையும் சொல்லிச் சொல்லி இளைஞர்கள் வெளியேறுகிறார்கள். சார்ஜண்டின் மருமகன் போன வருடம் சீருடையைக் கழற்றிவிட்டு மருந்துத் தொழிற்சாலைக்குக் காவல் வேலைக்குப் போய்விட்டான். எண்ணெய் இல்லாத விளக்குக்குத் திரியைக் குறை சொல்கிறீர்கள்.

ஐரோப்பாவோடு சேர்ந்து நிற்க முடியவில்லை என்பதும் முழுச் செய்தி இல்லை. கொசோவோவில் நேட்டோ தலைமையிலான படையில் ஐரிஷ்காரர்கள் நின்றார்கள். அங்கே ஐ.நா.வின் 1244-ஆம் தீர்மானம் இருந்தது. 2008-ல் ஐரோப்பிய ஒன்றியப் படையோடு சாட் நாட்டுக்குப் போனார்கள். அதற்கும் ஐ.நா. தீர்மானம் இருந்தது. தலைமை யாராக இருந்தாலும், ஆணை எங்கிருந்து வந்தது என்றுதான் அந்தப் பூட்டு பார்க்கிறது. காபூலில் நடந்ததுபோல் நம் குடிமக்களை அவசரமாக மீட்டுவரப் பூட்டு தடையாக இருக்கிறது என்றால், அதற்கு மட்டும் விலக்கு எழுதுங்கள். ஒருவரும் எதிர்க்கப் போவதில்லை.

இனி என் கதைக்கு வருகிறேன்.

நான் ஐ.நா. பக்தை இல்லை. 2009-ல் வன்னியில் எங்கள் சனம் குவிந்து கிடந்தபோது ஐ.நா. என்ன செய்தது என்று எனக்குத் தெரியும். 2012 நவம்பரில் வெளிவந்த அவர்களுடைய உள்ளக அறிக்கையே தாங்கள் தவறியதை ஒப்புக்கொண்டது. ஐ.நா. அப்படியே தவறிய ருவாண்டாவும் ஸ்ரெப்ரெனிட்சாவும் தெரியும். நீலத் தொப்பியைத் தலையில் வைத்ததும் ஒருவன் யோக்கியனாகிவிடுவதில்லை என்பதும் தெரியும்: ஹெய்டிக்கு அமைதிகாக்கப் போன இலங்கைச் சிப்பாய்களில் நூற்றுக்கும் மேற்பட்டோரைப் பாலியல் குற்றச்சாட்டில் 2007-ல் திருப்பி அனுப்பினார்கள். திருப்பி அனுப்ப ஒருவர் இருந்தார் என்பதைக் கவனியுங்கள். அதற்குத்தான் இந்தக் கதை.

1987-ல் எங்கள் ஊருக்கும் இந்தியாவிலிருந்து ஒரு படை வந்தது. பெயரிலேயே அமைதி இருந்தது. மாலை போட்டு வரவேற்றோம், நானும் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளோடு வீதியோரம் நின்று கை அசைத்திருக்கிறேன். ஐ.நா. ஆணை என்று எதுவும் இல்லை, இரண்டு அரசாங்கங்கள் போட்ட கையெழுத்து மட்டும். சில மாதங்களில் எல்லாம் மாறிவிட்டது. அந்தப் படையின் மீது இன்று வழக்காட நான் வரவில்லை. எங்களுக்கு நடந்தது மற்றவர்களுக்கு நடந்ததை விடக் குறைவு. போனது அப்பாவின் சைக்கிள்.

ரலி சைக்கிள். அப்பா அதை ஞாயிறுதோறும் தேங்காய் எண்ணெய் போட்டுத் துடைப்பார். ஒழுங்கை முடிவில் இருந்த சென்றியில் மறித்து, இறங்கச் சொல்லி, வாங்கி வைத்துக்கொண்டார்கள். நடந்து வீட்டுக்கு வந்தார். அவர் கச்சேரியில் எழுதுவினைஞர், மனு எழுதுவதில் கெட்டிக்காரர். அன்றிரவு விளக்கு வெளிச்சத்தில் தட்டச்சுப்பொறியில் தாளைச் செருகினார். அனுப்புநர் என்று போட்டுத் தன் பெயரையும் முகவரியையும் அடித்தார். பெறுநர் என்று அடித்தார். அப்புறம் கை நின்றுவிட்டது. யாருக்கு எழுதுவது? கொழும்புக்கா? அவர்கள் படை இல்லை. படையை அனுப்பிய நாட்டுக்கா? அங்கே நாங்கள் யார்? சென்றியில் நிற்கிறவனிடமே கொண்டுபோய்க் கொடுப்பதா? விபரம் எல்லாம் எழுதி முடித்தார், சைக்கிளின் தொடர் இலக்கம்கூட இருந்தது. பெறுநர் என்பதன் கீழே மட்டும் வெறும் இடம். அந்தத் தாள் கடைசிவரை ட்ரங்குப் பெட்டியில் காணி உறுதிகளோடு கிடந்தது.

தெற்கு லெபனானில் ஐரிஷ் வண்டி ஒன்று ஒலிவ் மரத்தில் மோதிவிட்டால் என்ன நடக்கும் என்று சார்ஜண்டிடம் கேட்டேன். சிரித்தார். மரத்துக்காரர் முகாமுக்கு வருவார், மொழிபெயர்ப்பாளர் வருவார், படிவம் நிரப்புவார்கள், நக்கூராவில் இருக்கும் தலைமையகத்துக்குப் போகும், சில வேளை மரத்தின் வயது பற்றியே ஒரு மணி நேரம் வாக்குவாதம் நடக்கும் என்றார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஒலிவ் மரத்துக்குப் பெறுநர் இருக்கிறார்.

என் மகள் சொன்ன ‘வேற மாதிரி’ என்பது ஐரிஷ் ரத்தத்தில் ஊறிய ஏதோ நற்குணம் என்று நான் நம்பவில்லை. சிப்பாய் எங்கேயும் சிப்பாய்தான், பயந்தவன் சுடுவான். இவர்களைப் போக விடுவதும் திருப்பி அழைப்பதும் ஒரே கை இல்லை. போகிற இடத்தில் இவர்களைத் தவிர ஏறத்தாழ ஐம்பது நாட்டுக்காரர் அதே கொடியின் கீழ் நின்று பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். 2024 அக்டோபரில் தெற்கு லெபனானில் 6-52 என்ற ஐ.நா. காவலரணுக்குப் பக்கத்தில் இஸ்ரேலிய டாங்கிகள் வந்து நின்றன, காவலரணைக் காலி செய்யச் சொன்னார்கள். உள்ளே இருந்தது ஏறத்தாழ முப்பது ஐரிஷ்காரர்கள். கிளம்ப மாட்டோம் என்று இருந்துவிட்டார்கள். முப்பது பேருக்கு அந்தத் தைரியம் எங்கிருந்து வந்தது என்று நினைக்கிறீர்கள்? துப்பாக்கியிலிருந்தா?

உங்கள் முன்னோர்கள் இதைப் புரிந்துதான் தொடங்கினார்கள். 1955-ல் ஐ.நா.வில் சேர்ந்த நாடு, 1958-ல் லெபனானுக்குப் பார்வையாளர்களை அனுப்பியது. அன்று முதல் ஒரு நாள்கூட இடைவெளி இல்லாமல் உலகின் எங்கோ ஓரிடத்தில் ஐரிஷ் சிப்பாய் ஒருவர் நீலத் தொப்பியோடு நின்றிருக்கிறார். இதற்குக் கொடுத்த விலையும் சிறியதில்லை. எங்கள் இல்லத்தில் இருந்து இரண்டு வருடம் முன்பு காலமான ஒரு பெரியவர் 1960-ல் கொங்கோவுக்குப் போனவர். நிலநடுக்கோட்டு வெயிலில் கம்பளிச் சீருடையோடு இறக்கிவிட்டார்கள். அங்கே நியெம்பாவில் ரோந்து போன பதினோரு பேர் 1960 நவம்பர் 8-ல் தாக்கப்பட்டார்கள், ஒன்பது பேர் உயிர் இழந்தார்கள். குளிப்பாட்டும்போது முதுகில் கம்பளித் துணி பட்டால் இந்தப் பெரியவர் உதறித் தள்ளுவார். பருத்தித் துவாய்தான் வேண்டும். மறதி நோய் முற்றி மனைவியின் பெயரே போய்விட்டது, அந்தக் கம்பளி மட்டும் போகவில்லை.

1961 செப்டம்பரில் அதே கொங்கோவில் ஜாடோவில் என்ற ஊரில் கமாண்டன்ட் பாட் குவின்லனின் கீழ் நூற்று ஐம்பத்துச் சொச்சம் பேர், பல மடங்கு பெரிய கட்டங்கா பிரிவினைப் படையை ஐந்து நாள் தாக்குப்பிடித்தார்கள். குண்டும் தண்ணீரும் தீர்ந்த பிறகு சரணடைந்தார்கள். ஒருவர்கூடச் சாகவில்லை. ஊர் திரும்பியதும் அதைச் சாதனை என்று சொல்ல ஆள் இல்லை, சரணடைந்தவர்கள் என்ற பெயர்தான் நிலைத்தது. பதக்கம் வந்தது 2017-ல். பெரும்பாலோர் அதற்குள் மண்ணுக்குள் போய்விட்டார்கள், குவின்லன் உட்பட. படை அனுப்புவதில் காட்டும் வேகத்தை, போய் வந்தவர்களைப் பார்த்துக்கொள்வதில் இந்த நாடு காட்டியதில்லை.

இப்போது தெற்கு லெபனானின் ஐ.நா. படையான யூனிஃபிலும் முடியப்போகிறது. 2025 ஆகஸ்ட் 28-ல் பாதுகாப்புச் சபை 2790-ஆம் தீர்மானத்தை ஒருமனதாக நிறைவேற்றியது: 2026 டிசம்பர் 31-ஓடு பணி முடியும், அடுத்த ஒரு வருடத்துக்குள் படை வெளியேற வேண்டும். திப்னின் கடைக்காரருக்கு அதன் பிறகு யார்? இதைப் பற்றி நீங்கள் பேசிய நேரத்தைவிடப் பூட்டைப் பற்றிப் பேசிய நேரம் அதிகம்.

உங்களிடம் கேட்பது இவை.

சட்டத்திலிருந்து ஐ.நா. ஆணையை எடுக்காதீர்கள். அதன் இடத்தில் நீங்கள் வைக்கப் பார்க்கும் ‘ஐ.நா. சாசனத்தின் கொள்கைகளுக்கு இசைவாக’ என்ற வாசகம் அதற்கு ஈடாகாது. இசைவா இல்லையா என்று பார்ப்பதும் அனுப்புகிற அரசாங்கமே என்றால் அது பூட்டு ஆகாது. வீட்டோதான் பிரச்சினை என்றால் பொதுச் சபை வழியைப் பயன்படுத்துங்கள். குடிமக்களை மீட்கும் அவசரப் பணிக்குத் தனி விலக்கு எழுதுங்கள்.

எடுத்தே தீருவோம் என்றால் மக்களைக் கேளுங்கள். 2001-ல் ஐரோப்பிய ஒன்றியத்தின் நீஸ் ஒப்பந்தத்தை வாக்காளர்கள் தோற்கடித்தார்கள். மறுபடி அவர்களிடம் வருவதற்கு முன் 2002-ல் செவிய்யா பிரகடனத்தில் இந்த மூன்று நிபந்தனைகளையும் எழுதிக் கொடுத்துத்தான் ‘ஆம்’ வாங்கினீர்கள். வாக்குக் கொடுத்து வாங்கிய ஒன்றை அவைக்குள் கைதூக்கி மட்டும் திருப்பி எடுக்கக் கூடாது.

பன்னிரண்டை ஐம்பதாக்க வேண்டாம். நாற்பத்தொன்பது பேர் போவது டாயிலுக்குத் தெரியாமல் இருக்கக் கூடிய விசயம் இல்லை. என் மகள் அந்த நாற்பத்தொன்பதில் ஒருத்தியாக இருக்கலாம்.

புதிய பணிகளைத் தேடுவதற்கு முன் பாசறைகளை நிரப்புங்கள். சம்பளத்தையும் குடியிருப்பையும் சரிசெய்யுங்கள். ரூனியைச் சுட்டதற்குத் தண்டனை பெற்றவர் எங்கே இருக்கிறார், அவரைப் பிடிக்க லெபனானிடம் என்ன கேட்டீர்கள் என்பதைக் குடும்பத்துக்கும் அவைக்கும் எழுத்தில் சொல்லுங்கள். திப்னின் நினைவுச்சின்னத்தை யார் பராமரிப்பார்கள், அநாதை இல்லத்துக்கு 2027-க்குப் பிறகு உதவி எப்படிப் போகும், முகாமில் வேலை செய்த உள்ளூர்க்காரர்களுக்கு என்ன ஏற்பாடு என்பதைப் படை கிளம்புவதற்கு முன் முடிவு செய்யுங்கள்.

கடைசியாக ஒன்று. இனி எந்த மண்ணுக்குப் படை அனுப்ப டாயிலில் தீர்மானம் வந்தாலும், அந்த ஊர்க்காரருக்கு ஒரு குறை இருந்தால் யாரிடம் முறையிடுவது என்பதைத் தீர்மானத்திலேயே எழுதுங்கள். பதவி, முகவரி, எத்தனை நாளுக்குள் பதில் என்பது வரைக்கும். அதை அவர்கள் மொழியில் அச்சடித்து, ஒவ்வொரு சோதனைச் சாவடியிலும் கண்ணில் படும் உயரத்தில் ஒட்டச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
அத்லோனிலிருந்து, உங்கள் வாக்காளர் ஒருத்தி